கேட்டுவிடுங்கள், தப்பில்லை



சூலக்கரைப் பக்கம் இருக்கிற நமக்கு பிளஸ் டூ ரிசல்ட் நாள் என்றாலே ஒரு பெருமை. தேர்ச்சி விகிதத்தில் நம் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவே, ஃபெயிலான ஒரு பிள்ளை ஓரமாக உட்கார்ந்திருக்கும். அதனிடம் யார் பேசுகிறோம்?

"செத்துப் போயிடலாம் போல இருக்கு" என்று அந்தப் பிள்ளை சொன்னால், "சும்மா மிரட்டுது" என்கிறோம். வட்டிக்கு வாங்கித் தவிக்கிற பட்டாசு ஆலைத் தொழிலாளி சொன்னாலும் அதே பதில்தான். சொல்கிறவர் செய்ய மாட்டார் என்பது தவறான நம்பிக்கை. அது உதவி கேட்கும் குரல்.

"நாமளே கேட்டா, இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடாதா?" என்று சிலர் தயங்குவார்கள். ஆகாது. "உயிரை விட்டுடலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. கேட்டபின் புத்திமதி வேண்டாம், காது கொடுங்கள். தனியே விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு பயம், போலீஸ் கேஸ். அதற்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகக் கொண்டுபோகிறார்கள். டாக்டரிடம் உண்மையை மறைக்கிறார்கள். அதனால் சிகிச்சை தவறிப்போகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போவது நடைமுறை. அதற்காகப் பயப்பட வேண்டாம். டாக்டரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

தேர்வு எழுதிய பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஃபெயிலானால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. அதே ஆண்டே துணைத் தேர்வு எழுதலாம். பாஸானால் அந்த ஆண்டே மேலே படிக்கவும் போகலாம்.

மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கோ, 104-க்கோ போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 108.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் இருப்பவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். "என்னப்பா, மனசுல என்ன இருக்கு?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.