பேப்பரில் வந்த அறிவிப்பும் நம்ம தெருவும்

(தல்லாகுளத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் குழுத் தலைவி ஒருவர் பேசியது)



சேமிப்பு, கடன் நிலுவை எல்லாம் பேசி முடிச்சாச்சு. எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்காங்க. நான் நிலத்தைப் பற்றிப் பேசப் போறேன். "நமக்கு ஏது நிலம், வாடகை வீட்டுல இருக்கோம்"னு பின்வரிசையில் சிரிக்கிறது கேட்குது. வாடகை வீட்டுக்காரிக்கும் இதில் பங்கு இருக்கு.

எங்க தெருவில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடிச்சாங்க. புது வீடு கட்டுறாங்கன்னு நினைச்சோம். நாலு மாடி வணிக வளாகம் வருதுன்னு பிறகுதான் தெரிஞ்சது. தண்ணி லாரி வந்தா எதிரே ஆட்டோ வர முடியாத தெரு அது. விவரம் தெரிஞ்ச ஒருத்தரிடம் போய்க் கேட்டோம். "பேப்பர்ல அறிவிப்பு வந்திருக்குமே, நீங்க ஆட்சேபணை எழுதிக் கொடுத்தீங்களா?" என்று கேட்டார். எங்களுக்குப் பேச்சு வரலை. எங்க குழுவில் இட்லிக்கடை வச்சிருக்கிற அக்கா பழைய பேப்பர்க் கட்டைப் பிரிச்சுத் தேடினாங்க. இருந்தது! உள்ளங்கை அகலத்தில், பொடி எழுத்தில், சர்வே நம்பரோடு, 'குடியிருப்பு உபயோகத்திலிருந்து வணிக உபயோகத்திற்கு மாற்ற' என்று. அந்தக் கட்டில் பாதி ஏற்கெனவே வடை மடிக்கப் போயிடுச்சு. கெடு முடிஞ்சும் இருபது நாள் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து இதைப் பற்றி விசாரிக்க ஆரம்பிச்சேன். 'தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971'னு ஒரு சட்டம் இருக்கு. அதன்படி நகரத்துக்கு முழுமைத் திட்டம் போடுவாங்க. எந்த இடத்தில் வீடு, எங்கே கடை, எங்கே தொழிற்சாலை, எது விவசாய நிலம் என்று வரைபடத்தில் கலர் அடிச்சு வச்சிருப்பாங்க. இதைப் பார்த்துக்கிற அமைப்பைத் திட்டக் குழுமம் என்று பொதுவாகச் சொல்றேன், பெயர் காலத்துக்குக் காலம் மாறும். முழுமைத் திட்டத்தை வெளியிடும்போது கருத்தும் ஆட்சேபணையும் சொல்ல மக்களுக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தரணும். சட்டத்திலேயே இருக்கு. ஒரு இடத்துக்கு மட்டும் உபயோகத்தை மாற்றுவதானால் அறிவிப்பில் போட்டிருக்கிற கெடு தேதியைப் பார்க்கணும்.

வணிகமே வேண்டாம்னு நான் சொல்லலை. நம்மில் பாதிப் பேர் வணிகம் செய்றவங்கதானே? திண்ணையில் தையல் மிஷின், வாசலில் பணியாரச் சட்டி. குடியிருப்புப் பகுதியிலும் அளவுக்கு உட்பட்டுச் சின்னக் கடைகளுக்கு இடம் உண்டு. பணியாரக் கடையும் நாலு மாடிக் கட்டடமும் ஒண்ணு இல்லை, அவ்வளவுதான். கட்டடம் வந்தா வாடகை ஏறும். நம்ம சாக்கடைக் குழாயில்தான் அதன் கழிவும் போகும். வாடகைக்காரிக்குப் பங்கு இருக்குன்னு சொன்னது இதைத்தான்.

தண்ணி விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஊர்ப் பேரிலேயே குளம் இருக்கு. மதுரையில் ஒரு கண்மாய் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிற மாதிரி முன்னோர்கள் வச்சிருந்தாங்க. அந்தக் கண்மாய் நிலங்கள் ஒவ்வொன்றாகக் கட்டடமாச்சு. 2004-ல் திறந்த உயர்நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாயில்தான் நிற்குது. 2024 அக்டோபர் 25 அன்று பெய்த மழையை மறந்திருக்க மாட்டீங்க. செல்லூர்க் கண்மாய் நிரம்பி, தெருத் தெருவாத் தண்ணி புகுந்தது. அரிசி டப்பாவைப் பரண்மேல் தூக்கி வச்சது யாரு? நாமதான். ஒரு நிலத்தின் உபயோகம் மாறும்போது, அதில் ஓடின தண்ணி எங்கே போகும்னு ஆரம்பத்திலேயே கேட்க வேண்டியவங்களும் நாமதான்.

கேட்டால் நடக்குமான்னு சந்தேகப்படாதீங்க. பெங்களூரில் பூங்காவுக்கு என்று திட்டத்தில் ஒதுக்கின இடத்தை ஆஸ்பத்திரி கட்டத் தனியார் டிரஸ்டுக்குக் கொடுத்தாங்க. அந்தப் பகுதியில் குடியிருந்தவங்க வழக்குப் போட்டாங்க. 1991-ல் உச்ச நீதிமன்றம் குடியிருந்தவங்க பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இன்னொண்ணு, நம்ம கடன் பணத்தோட சம்பந்தப்பட்டது. ஒரு தங்கச்சி தவணை கட்டி இரண்டு சென்ட் மனை வாங்கினாள். 'பஞ்சாயத்து அப்ரூவல்'னு சொல்லி வித்தாங்க. வயலாக இருந்த நிலம். பத்திரம் பதியலாம்னு இருந்தப்போ, 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாதுன்னு உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. கட்டின தவணை அந்தரத்தில் நின்னுச்சு. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு விதி கொண்டு வந்தது. அதற்கும் கட்டணம், அலைச்சல். குழுவில் வாங்கின கடனுக்கு வட்டி மட்டும் நிற்கவே இல்லை. அதனால், இனி மனைக்குக் கடன் கேட்டு யார் வந்தாலும் டி.டி.சி.பி. அங்கீகார எண்ணைக் காட்டுன்னு முதலில் கேட்கணும். இதைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லிக் கேட்டுக்கிறேன். ஊக்குநர் முகம் சுளிச்சாலும் பரவாயில்லை.

ஆட்சேபணை எழுதுவது பெரிய வித்தை இல்லை. "வேண்டாம், வேண்டாம்"னு எழுதினால் எடுபடாது. தெரு எத்தனை அடி, பாதாளச் சாக்கடை தாங்குமா, வண்டி நிறுத்த எங்கே இடம், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும் என்று எழுதணும். டேப்பைப் பிடிச்சு நீங்களே அளங்க. சர்வே நம்பரை மறக்காமல் போட்டு, விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமா வையுங்க. பதில் வரலைன்னா, 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டு, என்ன முடிவு எடுத்தாங்கன்னு கேட்கலாம். பதில் சொல்ல 30 நாள்தான் அவங்களுக்குக் கெடு.

பேப்பர் படிக்கிற வேலையைப் பிரிச்சுக்கலாம். எங்க குழுவில் இட்லிக்கடை அக்காவே பேர் கொடுத்துட்டாங்க, அறிவிப்புப் பக்கத்தைப் படிச்சுட்டுத்தான் இனி வடை மடிப்பாங்களாம். பீ.பீ.குளம், நரிமேடு, செல்லூர், புதூர்க் குழுக்களிலிருந்து ஆளுக்கு ஒருத்தர் பேர் கொடுங்க. நோட்டை இந்தப் பக்கமாச் சுற்றி விடுறேன்.