மாவும் மூச்சும்
அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு, லாச்சப்பல், பாரிஸ்



உழைத்து வாழ்ந்த ஒருவரை நினைக்கும் இந்த அவையில், உழைப்பவரின் மூச்சைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

2022இல் பகெத் பாண் செய்யும் கைவினையை யுனெஸ்கோ மானிடப் பாரம்பரியமாக ஏற்றது. 2023இல் பாரிஸ் நகரின் சிறந்த பகெத்துக்கான பரிசை எம்மவரான ஈழத் தமிழர் தர்ஷன் செல்வராஜா வென்றார். இந்தப் பெருமையைக் கொண்டாடும் நாம், வெதுப்பகங்களில் விடியுமுன் மா குழைப்பவர்கள் சுவாசிக்கும் தூசியையும் பேசியாக வேண்டும்.

நோய்

கோதுமை மாவின் புரதங்களும், மாவில் சேர்க்கப்படும் அமிலேஸ் நொதியும் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். அது வர மாதங்களோ ஆண்டுகளோ செல்லலாம். முதலில் தும்மல், மூக்கொழுகல், கண்கடி. பிறகு இருமல், நெஞ்சிறுக்கம், தொய்வு எனும் ஆஸ்துமா. குளிர் தேசத்துத் தடிமன் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். லீவில் குறைந்து, வேலைக்குத் திரும்பியதும் கூடினால், வேலையைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வாமை பிடித்தபின் மிகச் சிறிதளவு மாவே போதும். அப்படியே தொடர்ந்தால், தொழிலை விட்ட பின்னும் தொய்வு விடாது போகலாம்.

கேள்வி

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமசீனி 1700இல் தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலை வெளியிட்டார். மா அரைப்பவரும் பாண் சுடுபவரும் மாத்தூசியால் படும் பாட்டை அதில் எழுதினார். நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலையும் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவரே. இன்று அவசரத்தில் மருத்துவர் கேட்காமல் விடலாம். அப்போது நீங்களே சொல்லுங்கள்: எங்கே வேலை, எத்தனை மணிக்கு, எந்த மா, எப்போது மூச்சு முட்டுகிறது.

உரிமை

பிரான்சின் தொழில்சார் நோய் அட்டவணை 66 தொழில்வழி மூக்கழற்சியையும் ஆஸ்துமாவையும் சொல்கிறது. மா கையாளும் வேலை அதில் உண்டு. வேலைத்தல விபத்தை முதலாளி அறிவிப்பார். தொழில் நோயையோ நோயாளியே, மருத்துவச் சான்றிதழுடன், நோய்க் காப்புறுதி அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் உரிமையை இழக்கக் கூடாது. தொழிலுக்கும் நோய்க்கும் தொடர்புண்டு என்று சான்றிதழ் வந்தால், அறிவிக்காமல் 2 ஆண்டு கடக்கவிடாதீர்கள்.

காற்றிலுள்ள மொத்தத் தூசிக்கான பொது எல்லையும் குறைந்திருக்கிறது: 8 மணி நேரச் சராசரியாகக் கன மீற்றருக்கு 10 மில்லிகிராம் இருந்தது, 2022இல் 7 ஆகி, 2023 ஜூலையில் 4 ஆனது. ஆனால் ஒவ்வாமை பிடித்தவரை இந்த எல்லை மட்டும் காப்பாற்றாது. தூசி எழும்பாமல் தடுப்பதே வழி.

பொறுப்பு

வழிகள் எளியவை. மூட்டையை உயரத்திலிருந்து கொட்டாதீர்கள். குழைக்கும் இயந்திரத்தை மூடி, மெதுவாகத் தொடக்குங்கள். மேசைக்குத் தூசி குறைந்த மாவைத் தூவுங்கள். தும்புத்தடியால் கூட்டாமலும் அமுக்கக் காற்றால் ஊதாமலும், தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் துப்புரவு செய்யுங்கள்.

இவற்றை இன்று எம்மவரிடமே நான் கேட்கிறேன். ஒரு காலத்தில் எம்மவர் வெதுப்பகங்களில் வேலை மட்டும் செய்தார்கள். இன்று கடைகளும் நடத்துகிறார்கள். ஒருவர் முதலாளியாகும்போது, தன் மா மேசையில் நிற்பவரின் மூச்சுக்கும் பொறுப்பேற்கிறார். சங்கங்கள் மருத்துவரிடம் கூடச் சென்று மொழிபெயர்க்கவும், படிவம் நிரப்பவும் ஆட்களை ஏற்படுத்தட்டும். இந்த ஆண்டே தொடங்குங்கள்.