டிராகன்ஸ் நம்ம அணிதான், வரவேற்கிறோம்! ஆனா நம்ம மைதானம் எங்கே?

(தமிழ்நாடு டிராகன்ஸ் ஹாக்கி அணியை வரவேற்று முத்துப்பேட்டையில் ரசிகர்கள் நடத்திய கூட்டத்தில், நம் கட்சியின் இளைஞர் அமைப்பு சார்பில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாத தோழர்களுக்காக எழுத்து வடிவில்.)

தோழர்களே, தாய்மார்களே, விளையாடி முடித்து வியர்வையோடு அப்படியே வந்து நிற்கிற தம்பிகளே!

வருகிற ஜனவரி 3, சனிக்கிழமை. சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம். ஹாக்கி இந்தியா லீக் ஆண்கள் போட்டி இந்த முறை அங்கேதான் தொடங்குது. முதல் ஆட்டமே நம்ம தமிழ்நாடு டிராகன்ஸ், எதிரே ஹைதராபாத் தூஃபான்ஸ். அந்த அணியை வரவேற்கத்தான் இங்கே கூடியிருக்கிறோம். பேனர் கட்டிய தம்பிகளுக்கு முதல் நன்றி. ராத்திரி முழுக்கத் தூங்கலைன்னு கண்ணைப் பார்த்தாலே தெரியுது.

"முத்துப்பேட்டைக்கும் ஹாக்கிக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம்ம ஊரில் கால்பந்து தெரியும், கபடி தெரியும், வாலிபால் தெரியும். ஹாக்கி மட்டையைக் கையில் தொட்டவர்களை எண்ணிச் சொல்லிவிடலாம். அதோடு இன்னொரு கேள்வியும் வருது. டிட்வா புயல் மழையில் டெல்டா முழுக்க சம்பா தண்ணியில் நின்றது. அதே நவம்பர் 28-ல்தான் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி தொடங்கியது. பயிர் மூழ்கிக் கிடக்கும்போது பந்தாட்டம் ஒரு கேடா என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் கோபம் எனக்குப் புரியுது. நிவாரணத்துக்கு நாம் தாலுகா அலுவலக வாசலில் நிற்பதை நிறுத்தப் போவதில்லை. அந்த வயலை நம்பி வளர்கிற பிள்ளைக்கு வயலைத் தவிர இன்னொரு வாசலும் வேண்டும் என்பதால்தான் இன்றைக்கு ஹாக்கியைப் பேசுகிறேன்.

முதலில் அணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

2024 அக்டோபரில் டெல்லியில் வீரர்கள் ஏலம் நடந்தது. ஏழு ஆண்டு நின்று போயிருந்த ஹாக்கி இந்தியா லீக் மறுபடி உயிர் பெற்றது. ஆண்களில் எட்டு அணி. அதில் ஒன்று தமிழ்நாடு டிராகன்ஸ். ஒரு தனியார் குழுமம் நடத்துகிற அணி. ஒரு அணிக்கு 24 வீரர்கள், அதில் எட்டுப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். ஒரு முழு அணியையும் ஏலம் எடுக்க 4 கோடி ரூபாய்தான் உச்சவரம்பு. அந்த ஏலத்தில் அதிக விலைக்குப் போனவர் இந்திய அணியின் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங், 78 லட்சம். அதே ஆண்டு ஐபிஎல் ஏலத்தில் ரிஷப் பண்ட் என்ற ஒரே வீரருக்கு 27 கோடி. கிரிக்கெட் மேல் நமக்குக் கோபம் இல்லை, நாமும் பார்க்கிறவர்கள்தான். ஆனால் ஒலிம்பிக்கில் நாட்டுக்கு எட்டுத் தங்கம் வாங்கித் தந்த விளையாட்டு இன்றைக்கு எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

முதல் ஆண்டு நம்ம அணி அரையிறுதி வரை போனது. வங்காள அணியோடு சமன் செய்து, ஷூட் அவுட்டில் தோற்று, கடைசியில் நான்காம் இடம். புது அணிக்கு அது மோசமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரூர்கேலா, ராஞ்சி என்று வடக்கேதான் எல்லாப் போட்டியும் நடந்தது. தமிழ்நாட்டில் ஒரு ஆட்டம்கூடக் கிடையாது. பெயரில் தமிழ்நாடு, சட்டையில் தமிழ்நாடு, ஆனால் தமிழ்நாட்டு ரசிகர் ஒருவர்கூடப் பக்கத்து ஊரில் போய்ப் பார்க்க முடியவில்லை. இந்த ஜனவரியில்தான் அணி முதல்முறையாக வீட்டுக்கு வருகிறது. அதனால்தான் இதை வரவேற்புக் கூட்டம் என்கிறோம்.

வருகிற விருந்தாளி தங்குவாரா? அதைத்தான் நான் இன்றைக்குக் கேட்க வந்தேன்.

ஏன் என்றால், இப்படி நம்ம பேரில் அணி வருவது புதுசு இல்லை. 2005-ல் பிரீமியர் ஹாக்கி லீக் வந்தது. அதில் சென்னை வீரன்ஸ் என்று ஒரு அணி. நான்கு சீசனோடு அந்த லீக்கே மூடப்பட்டது. 2012-ல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி. அதில் சென்னை சீட்டாஸ். ஒரே ஒரு சீசன், அதோடு சரி. 2013-ல் இதே ஹாக்கி இந்தியா லீக் பிறந்தபோது தமிழ்நாட்டுக்கு அணியே இல்லை. 2017-ல் அதுவும் படுத்துவிட்டது. இங்கே இருக்கும் தம்பிகளில் எத்தனை பேர் சென்னை வீரன்ஸ் என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்கள்? ஒரு கை, ரெண்டு கை. பார்த்தீங்களா! ஏலத்தில் எடுத்த அணி கணக்கு சரிவராவிட்டால் கடையைக் கட்டிவிடும். முதலாளிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, வியாபாரம் அப்படித்தான். ஊருக்குள் அந்த விளையாட்டு வேர் பிடித்திருந்தால் மட்டும்தான் லீக் போனாலும் ஆட்டம் நிற்கும்.

வேர் பிடித்த ஊருக்கு நீங்கள் ஒடிசா வரை போக வேண்டாம், கோவில்பட்டிக்குப் போய்ப் பாருங்கள். தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் செய்கிற கரிசல் பூமி. நம்மைப் போல் ஆறும் வாய்க்காலும் இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கே ஹாக்கி ஆடுகிறார்கள். ஆண்டுதோறும் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு நாடு முழுவதிலிருந்தும் அணிகள் வருகின்றன. அங்கே அரசு விளையாட்டு விடுதி இருக்கிறது, செயற்கைப் புல்தரை இருக்கிறது. 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் இரண்டு தமிழர்கள் போனார்கள். ஒருவர் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல். இன்னொருவர் அரியலூரிலிருந்து போய் கோவில்பட்டி விடுதியில் பயிற்சி பெற்ற செல்வம் கார்த்தி. கார்த்தி தன் முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டார். நம்ம டிராகன்ஸ் அணியிலும் ஆடினார். அரியலூர் எங்கே இருக்கு? கொள்ளிடத்துக்கு அந்தக் கரை. அவ்வளவு பக்கம்! ஆனால் அந்தப் பையன் மட்டை பிடிக்கக் கற்றுக்கொள்ள தெற்கே அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. நடுவில் இருக்கிற டெல்டாவில் அவனுக்கு ஒரு விடுதி அமையவில்லை.

சரி, ஒடிசாவுக்கும் போவோம். முதல் சீசனில் நம்ம டிராகன்ஸ் கேப்டன் அமித் ரோஹிதாஸ். எந்த ஊர்? ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டம். ஆதிவாசிகள் அதிகம் வாழ்கிற மாவட்டம். அங்கே கிராமத்துக்குக் கிராமம் மூங்கில் மட்டையை வளைத்து ஆடிய பிள்ளைகள்தான் இந்திய அணிக்குப் போனார்கள். ஜெயித்த அணிக்கு ஒரு ஆட்டுக்கிடாய்தான் பரிசு. அந்தப் போட்டிக்குப் பேரே கிடாய்க் கோப்பை! அரசாங்கம் என்ன செய்தது? சுந்தர்கரில் 17 ஒன்றியம். ஒன்றியத்துக்கு ஒன்று என்று 17 செயற்கைப் புல்தரை போட முடிவெடுத்து வேலையில் இறங்கியது. 2023 உலகக் கோப்பைக்காக அதே மாவட்டத்து ரூர்கேலாவில் 20,000 பேர் உட்காரும் மைதானம் கட்டியது. அந்த ஆட்சியின் மற்ற கொள்கைகளில் நமக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு, சுரங்கக் கொள்கையை எடுத்தால் விடிய விடியப் பேசலாம். ஆனால் இதைச் சரியாகச் செய்தார்கள். சரியென்றால் சரி என்று சொல்லத்தான் வேண்டும்.

திருவாரூர் மாவட்டத்தில் எத்தனை ஒன்றியம்? பத்து. சுந்தர்கரால் 17 கேட்க முடிந்தால் நம்மால் பத்து கேட்க முடியாதா? பத்தையும் ஒரே நாளில் கொடுங்கள் என்று சொல்லவில்லை. முத்துப்பேட்டையில் ஒன்று என்று தொடங்குங்கள் என்கிறோம்.

செயற்கைத் தரை எதற்கு, மண்ணில் ஆடினால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆடலாம். ஆனால் மண் தரை ஆட்டம் வேறு, இந்த ஆட்டம் வேறு. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி நடந்தது. அதுவரை ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பதக்கத்தோடு திரும்பிய இந்தியா ஏழாவது இடத்தில் வந்து நின்றது. 1980 மாஸ்கோவில் தங்கம் வாங்கினோம், அப்போது கேப்டன் நம்ம தமிழர் வாசுதேவன் பாஸ்கரன். அதற்குப் பிறகு அடுத்த பதக்கம் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான். 41 ஆண்டு! நம் பிள்ளைகள் மண்ணில் பழகி, பணக்கார நாட்டுப் பிள்ளைகள் செயற்கைத் தரையில் பழகி, கடைசியில் இரண்டு பேரையும் அதே செயற்கைத் தரையில் மோதவிட்டார்கள். விளையாட்டில் வர்க்க பேதம் எப்படி வரும் என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு வேடிக்கை. அந்தத் தரைக்கு ஆட்டத்துக்கு முன்னால் தண்ணி பாய்ச்ச வேண்டும். நனைந்திருந்தால்தான் பந்து வேகமாக ஓடும். கடைமடைக்குத் தண்ணி வரலைன்னு வருஷா வருஷம் மறியல் செய்கிற நாம், பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணி கேட்கலாமா என்று ஒரு விவசாயத் தோழர் சிரித்தார். அதற்கும் வழி வந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் தேவைப்படாத தரைக்கு மாற வேண்டும் என்று சர்வதேச ஹாக்கி சம்மேளனமே சொல்கிறது. முழு மைதானம் இப்போதைக்கு இயலாது என்றால் ஐந்து பேர் ஆடுகிற ஹாக்கி இருக்கிறது. அதற்கு முழு மைதானத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம் போதும். 2024 ஜனவரியில் மஸ்கட்டில் அதற்கு உலகக் கோப்பையே நடந்தது, நம் பெண்கள் அணி இறுதிப்போட்டி வரை போனது. நம்ம ஊரில் பாதிப் பேருக்கு மஸ்கட் தெரியும், அங்கே வேலைக்குப் போன வீடுகள்தானே.

பெண்கள் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். இதே லீக்கில் பெண்களுக்கும் போட்டி நடக்கிறது. தமிழ்நாட்டு அணி கிடையாது. இந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் நிற்கிற தங்கச்சிகள், "எங்களுக்கு எந்த அணிண்ணே?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இதையும் நாம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று மாநில அரசு அறிவித்திருக்கிறது. நல்ல அறிவிப்பு. நாங்கள் கேட்பது, நம்ம பகுதியில் அமைவதில் ஹாக்கிக்கும் ஒரு தரை. அதுவும் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணி நிற்காத மேட்டு இடத்தில். கோரையாறும் பாமணியாறும் கடலில் கலக்கிற ஊர் இது. படத்தில் பார்த்து இடம் குறித்தால் டிசம்பரில் அங்கே மீன்தான் பிடிக்கலாம். பள்ளிக்கூடங்களுக்கு மட்டையும் பந்தும், காலுக்குக் காப்பும் வேண்டும். ஹாக்கிப் பந்து கிரிக்கெட் பந்து எடை இருக்கும், காப்பு இல்லாமல் பிள்ளைகளை இறக்கக் கூடாது. சொல்லித்தர ஆளும் வேண்டும். மட்டையைக் கொண்டுவந்து அலமாரியில் பூட்டிவைக்க நாங்கள் மனு கொடுக்கவில்லை.

ஒரு சின்ன செய்தி, முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு. ஹாக்கி மட்டையில் இடது கைக்காரருக்கென்று தனி மட்டை கிடையாது. ஒரு பக்கம்தான் தட்டை, அந்தப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம். எல்லோரும் வலது கைதான். நம்ம இடதுசாரித் தோழர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிஷம் வீதம் நான்கு பகுதி. ஒரு சினிமா இடைவேளை நேரத்தில் முடிந்துவிடும். கண்ணைச் சிமிட்டினால் கோல் போயிடும்.

தோழர்களே, மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். முத்துப்பேட்டை என்ற பெயர் டிவியில் எப்போது வருகிறது? வருஷத்துக்கு ஒருமுறை, ஊர்வலத்தின்போது ஆயிரக்கணக்கில் போலீஸ் குவிப்பு என்ற செய்தியில் வருகிறது. அலையாத்திக் காடு இருக்கிற ஊர், ஜாம்புவானோடை கந்தூரிக்கு எல்லா மதத்துக்காரரும் வந்து போகிற ஊர், கஜா புயலில் தென்னை எல்லாம் சாய்ந்தபோது யார் வீடு என்று பார்க்காமல் ஒருவருக்கொருவர் கூரை போட்டுக்கொடுத்த ஊர். ஆனால் வெளியே தெரிவது அந்த ஒரு நாள் மட்டும்தான். இன்றைக்கு இந்த பேனரைக் கட்டியவர்கள் மூன்று தெருப் பிள்ளைகள். எந்தத் தெரு என்று நான் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். ஒரே நிறச் சட்டை போட்டு நிற்கிறார்கள். இவர்களுக்குச் சாயங்காலம் போய் நிற்க ஒரு மைதானம் இல்லையென்றால், இவர்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போக ஆள் காத்திருக்கிறது. அதனால்தான் எங்களுக்கு இது அவசரம்.

டிராகன்ஸ் அணிக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ்நாடு என்று பெயர் வைத்துக்கொண்டீர்கள், ரொம்ப சந்தோஷம். தமிழ்நாடு எழும்பூரோடு முடிவதில்லை. இங்கிருந்து சென்னைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். சீசன் முடிந்ததும் உங்கள் வீரர்கள் நான்கு பேரை ஒரு நாள் டெல்டாவுக்கு அனுப்புங்கள். அறுவடை முடிந்த வயல் அப்போது காய்ந்து கிடக்கும், தாளை வெட்டித் தரையை நாங்கள் தயார் செய்கிறோம். மட்டை இல்லாத பிள்ளைகள் தென்னை மட்டையோடு வருவார்கள். சுந்தர்கர் மூங்கிலோடுதான் தொடங்கியது என்பது உங்கள் வீரர்களுக்குத் தெரியும்.

இப்போது வேலை விவரம். மைதானக் கோரிக்கை மனுவில் கையெழுத்து வாங்கும் தாள்கள் மேடைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பெயரும் தெருவும் தெளிவாக எழுதுங்கள், கிறுக்கினால் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பள்ளி மாணவர்கள் கையெழுத்துப் போட வேண்டாம், வீட்டில் அம்மா அப்பாவைக் கூட்டி வாருங்கள். பொங்கலுக்கு முன்னால் மாவட்ட ஆட்சியரிடம் நேரில் கொடுக்கிறோம். ஜனவரி 3 ஆட்டத்துக்கு வேன் போடுகிறோம். வெள்ளி ராத்திரி கிளம்புகிறது. வாடகை ஆளுக்கு ஆள் பங்கு, கட்சி நிதியிலிருந்து ஒரு பைசா கிடையாது. வர விரும்புகிறவர்கள் உங்கள் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பெண்களுக்குத் தனி வேன், கூடவே நம் மாதர் அமைப்புத் தோழர்கள் வருகிறார்கள். போகாதவர்கள் இந்தப் பதிவைப் பகிருங்கள், உங்கள் ஒன்றியத்தில் மைதானம் எங்கே அமையலாம் என்று இடத்தின் பெயரோடு கீழே எழுதுங்கள். அந்தப் பட்டியலையும் மனுவோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறோம்.

#வருக_டிராகன்ஸ்
#ஒன்றியத்துக்கு_ஒரு_மைதானம்