ஒழுங்கற்ற வேலை நேரமும் வீட்டுப் பயிற்சியும்
(சங்கரன்கோவிலில் நடந்த மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



சென்ற கூடுகையின் முடிவில் உங்களில் சிலர் ஒரு கேள்வி கேட்டீர்கள். "சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று வருகிற எல்லாரிடமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து நடக்கச் சொல்லுகிறீர்கள். ஐந்து மணிக்குத்தான் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறவன் என்ன செய்வான்?" நியாயமான கேள்வி. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பாவு இருந்தால் விசைத்தறி இராப்பகலாக ஓடும். இல்லாவிட்டால் இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும். பூ வியாபாரிகளுக்கு முகூர்த்த நாளுக்கு முந்தின இரவு தூக்கமே கிடையாது. ஆடித்தபசு சமயத்தில் பேருந்து ஓட்டுநர் எப்போது வீடு திரும்புவார் என்று அவர் மனைவிக்கே தெரியாது. எங்கள் செவிலியர்களுக்கு இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. அவசரமாக ஒரு பிரசவம் வந்துவிட்டால் அந்தக் கணக்கும் போய்விடும். இப்படிப்பட்டவர்களிடம் மணி குறித்த அட்டவணையைக் கொடுத்தால் நான்கு நாள் நடக்கும். ஐந்தாம் நாள் தவறும். "நமக்கு இது ஒத்துவராது" என்று அதோடு விட்டுவிடுவார்கள்.

ஆனால் பயிற்சி அதிகமாகத் தேவைப்படுவதும் இவர்களுக்கே. நம் தேசத்தில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணக்கிட்டது. முறைமாற்றி வேலை செய்கிறவர்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தூக்கமும் சாப்பாடும் நேரம் தவறும்போது சரீரம் சர்க்கரையைக் கையாளும் விதமும் தடுமாறுகிறது.

"நாள் முழுவதும் தறியோடு நிற்கிறோம், நடக்கிறோம், இதற்கு மேல் என்ன பயிற்சி?" என்று கேட்பவர்கள் உண்டு. களைப்பு வேறு, பயிற்சி வேறு. பத்து மணி நேரம் நின்றால் கால் கடுக்கும், நரம்பு சுருளும். ஆனால் மூச்சு வாங்கும் அளவுக்கு இருதயம் வேலை செய்வதில்லை. 1953இல் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பேருந்துத் தொழிலாளரைப் பற்றி எழுதிய ஆய்வு பிரசித்தமானது. உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் நாளெல்லாம் படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்ததை அவர் கண்டார். நம் நடத்துநர்களுக்கு அந்தப் படி இல்லை. கூட்டத்துக்குள் நுழைந்து சீட்டுக் கொடுப்பது மட்டும் உண்டு. அதற்கும் ஏதாவது பலன் இருக்கும் என்றே நினைக்கிறோம்!

அப்படியானால் நேரமில்லாதவர் என்ன செய்வது? 1950களில் கனடா விமானப்படைக்கும் இதே பிரச்சினை வந்தது. தொலைதூரத் தளங்களில் பயிற்சிக்கூடம் கிடையாது. பில் ஆர்பன் என்பவர் ஐந்தே பயிற்சிகளை 11 நிமிடத்தில் முடிக்கும்படி வகுத்துக் கொடுத்தார். கருவி வேண்டாம், பாய் விரிக்கும் இடம் போதும். 1996இல் ஜப்பானின் இசுமி தபாட்டா இன்னும் சுருக்கிக் காட்டினார்: 20 விநாடி முழுப் பலத்தோடு உழைப்பு, 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழெட்டு முறை. ஏறக்குறைய நான்கே நிமிடம். ஆனால் அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்கள் உடற்கட்டுள்ள வாலிபர்கள். நிலையான சைக்கிளில் மிதித்தவர்கள். கைப்பேசியில் படம் பார்த்துவிட்டு நாற்பத்தைந்து வயதில் நாமும் அப்படியே செய்வது புத்தியல்ல.

ஒரு பழைய விதி நீங்கியதையும் சொல்ல வேண்டும். பயிற்சி ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நீடித்தால்தான் கணக்கு என்று முன்பு உலக சுகாதார நிறுவனம் சொல்லிவந்தது. 2020இல் அதை எடுத்துவிட்டது. மூச்சு வாங்கும் கடின உழைப்பானால் வாரத்துக்கு 75 நிமிடமாவது வேண்டும். அதை எப்படிப் பிரித்துக்கொண்டாலும் சரி. அந்த அளவை எட்டாவிட்டாலும், ஒன்றும் செய்யாததைவிடச் சிறிது செய்வது மேல் என்றும் அதே வழிகாட்டுதல் கூறுகிறது.

ஆகவே நாங்கள் சொல்லுவது இது. கடிகாரத்தைப் பார்க்காதிருங்கள். எந்த முறை வேலையானாலும் ஒருநாளில் ஒருமுறை தூங்கி எழுந்திருப்பீர்கள் அல்லவா? அது காலை ஆறு மணியானாலும் பிற்பகல் இரண்டு மணியானாலும், எழுந்து முகம் கழுவி, தண்ணீர் குடித்து, சற்று நேரம் கழித்து ஆரம்பியுங்கள். முதல் மூன்று நிமிடம் நின்ற இடத்தில் நடை, தோள் சுழற்றுதல். பிறகு நான்கு பயிற்சிகள்: பள்ளிக்கூடத்தில் தண்டனையாகப் போட்ட தோப்புக்கரணம்; சுவரில் கையூன்றித் தண்டால், பழகினபின் தரையில்; முழங்காலை உயர்த்தி நின்ற இடத்தில் ஓட்டம்; வாசற்படியில் ஏறி இறங்குதல். ஒவ்வொன்றும் 30 விநாடி, இடையில் 30 விநாடி ஓய்வு. நான்கும் சேர்ந்தது ஒரு சுற்று. முதல் இரண்டு வாரம் ஒரு சுற்று போதும், பிறகு இரண்டு. இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் தொடர்ந்து பேச முடியாதபடி மூச்சு வாங்கினால் உழைப்பு போதுமான அளவுக்கு வந்துவிட்டது என்று பொருள்.

தோப்புக்கரணத்தை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. தொடைத் தசை சரீரத்திலேயே பெரிய தசைகளில் ஒன்று. உழைக்கும் தசை, இன்சுலின் குறைவாக இருந்தாலும் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

சகோதரிகள் சொல்லும் இடைஞ்சல் வேறு. ஒரே அறை, மாமியார், எதிர்வீட்டுக் கண்கள். சேலையோடு குதிக்க முடியாது. சுடிதார் போதும், கதவைச் சாத்திக்கொள்ளலாம். வீட்டிலுள்ள ஆண்கள் அந்தப் பத்து நிமிடம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை ஆலோசனையாக அல்ல, கண்டிப்பாகவே சொல்லுகிறோம்.

எப்போது செய்யக்கூடாது என்பதையும் கவனியுங்கள். இரவு முழுவதும் விழித்துவிட்டு வந்தவுடன் கடும் பயிற்சி வேண்டாம், முதலில் தூக்கம். காய்ச்சல் இருந்தால் வேண்டாம். நாற்பது வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை, அழுத்தம், இருதய நோய் உள்ளவர்களும் பரிசோதித்துக்கொள்ளாமல் ஆரம்பிக்க வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்களுக்குப் பயிற்சியால் சர்க்கரை திடீரென இறங்கலாம். குளுக்கோஸ் பக்கத்தில் இருக்கட்டும். பாதம் மரத்தவர்கள் வெறுங்காலோடு செய்யாதிருங்கள். பந்தயம் கட்டி முதல் நாளே இருநூறு தோப்புக்கரணம் போடும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை: தசை சிதைந்து சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், சிறுநீரகமே கெட்டுவிடலாம். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை கண்டால் வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்துக் காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.

பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் சரீர முயற்சியைக் குறைத்தே பேசியிருக்கிறாரே என்று ஒரு பெரியவர் எங்களிடம் கேட்டார். தேவபக்தியோடு ஒப்பிட்டுத்தான் அவர் அப்படி எழுதினார். பயனில்லை என்று எழுதவில்லை. அவர் கால்நடையாய்ப் போன தூரத்தை நாமும் நடந்தால் இந்த உரைக்கே அவசியம் இராது.

இப்போது நாற்காலிகளைச் சற்றுப் பின்னே தள்ளிவிட்டு எழுந்து நில்லுங்கள். முதல் மூன்று நிமிடத்தை இங்கேயே செய்து பார்ப்போம். முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்தபடியே கைகளை மட்டும் சுழற்றலாம்.