அலையும் கரையும்



நுவரெலியாவின் வசந்தகாலத்தைக் காணக் கொஸ்லந்தையிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் செல்லும் தோட்டத்துக் குடும்பங்கள், கிரகரி வாவிக் கரையில் சற்று நேரமேனும் நில்லாமல் திரும்புவது அரிது. தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டில், ஓடையை மறித்துத் தேக்கப்பட்ட நீர்நிலை அது. இன்று அங்கே மிதிபடகுகளும் விசைப்படகுகளும் ஓடுகின்றன. விசைப்படகு விரைந்து செல்லும்போது மிதிபடகு தள்ளாடுகின்றது. ஒருவருடைய களிப்பு மற்றொருவருடைய அச்சமாவதை அங்கே காணலாம்.

படகின் பின்னே மனிதன் நீர்மேல் நின்று செல்லும் விளையாட்டு ஏறத்தாழ நூறாண்டுப் பழமையுடையது. 1922ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துப் பெப்பின் ஏரியில், ரால்ப் சாமுவேல்சன் என்னும் பதினெட்டு வயது இளைஞர் இரு பலகைகளின் நுனியைக் கொதிநீரிலிட்டு வளைத்து, அவற்றின்மேல் நின்று சறுக்கிக் காட்டினார். பின்னாளில் இரு பலகைகள் ஒன்றாயின. அதுவே ‘வேக்போட்’ எனப்படும் அலைப்பலகை. படகு மணிக்கு ஏறத்தாழ 20 மைல் வேகத்தில் இழுக்க, வீரர் அதன் அலைமேல் ஏறித் துள்ளுவார். அலை பெரிதாக வேண்டும் என்பதற்காகவே படகினுள் நீரை நிரப்பிப் பாரமேற்றுவர்.

இத்தகைய படகுகளை உடையோர் பலர் ஒருங்கே உலாப் புறப்படுவதும் உண்டு. அவ்வேளையில் ஒழுங்கு இன்றியமையாதது. எல்லாப் படகுகளும் ஒரே திசையில் செல்லவேண்டும். ஓட்டுபவர் முன்னே நோக்க, பின்னே வருபவரைக் கவனிக்க வேறொருவர் இருக்கவேண்டும். அனைவரும் மிதப்பங்கி அணியவேண்டும். வீழ்ந்தவரை அணுகியதும் இயந்திரத்தை நிறுத்தவேண்டும். சுழலும் விசிறி ஆளறியாது.

இவற்றைப் பலர் அறிவர். எனினும், அலை கரையில் என்ன செய்கின்றது என்பதை எண்ணுவோர் சிலரே. அலையின் உயரம் இருமடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். அது கரைமண்ணை அரிக்கும். ஆழமற்ற இடத்தில் படகின் விசை அடிச்சேற்றைக் கலக்கும். நீர்ச்செடிகளையும் மீன்முட்டைகளையும் கெடுக்கும். சாமுவேல்சன் சறுக்கிய அதே மினசோட்டாவின் பல்கலைக்கழகத்தார் 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சாதாரண விசைப்படகின் அலை 200 அடியில் எவ்வளவு தணிகின்றதோ, அவ்வளவு தணிவதற்குப் பாரமேற்றிப் பேரலை எழுப்பும் படகின் அலைக்கு 500 அடிக்கு மேல் வேண்டும் என அவர்கள் கண்டனர். ஒரு படகுக்கே இவ்வாறெனின், பத்துப் படகுகள் நாள் முழுதும் சுற்றினால் சிறிய வாவியொன்றின் கரை என்னாகும்?

நீர் மண்ணை நெகிழ்த்தும் தன்மையைக் கொஸ்லந்தை மக்களுக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியதை அவர்கள் மறந்தாரல்லர். மலைச்சரிவும் கரையரிப்பும் ஒன்றல்ல. ஒன்று கணத்தில் நேர்வது, மற்றது கண்ணுக்குத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் நிகழ்வது. மெல்ல நிகழ்வதனாலேயே அதனைத் தடுக்கவும் நமக்குக் காலம் உண்டு.

ஆதலின் விளையாட்டை வெறுக்கவேண்டுவதில்லை. பரந்து ஆழ்ந்த நீரைத் தெரிந்துகொள்க. கரையை விட்டு விலகி ஓடுக. துடுப்புப் படகையும் மீன்பிடிப்போரையும் கண்டால் வேகத்தைத் தணிக்க. படகு ஒருவருக்குச் சொந்தமாகலாம். வாவியோ ஊருக்கெல்லாம் பொது. அதனை உணர்ந்து நடப்போர் கூடிச் செல்லும் உலா, செல்வோருக்கும் கரையில் நின்று காண்போருக்கும் ஒருங்கே இன்பந் தரும்.