கடைசி வண்டியின் வேகம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

மேடை ஏறிப் பழகியவர்கள் அல்லோம். மெட்ரிகுலேஷன் படிப்பும் புகைவண்டி அலுவலகக் கணக்குமன்றி எமக்கு வேறு மூலதனம் இல்லை. ஆயினும், காலனி மிதிவண்டிக் குழுவின் சார்பில் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தமையால் இங்கு நிற்கின்றோம்.

‘பிரெவே’ என்னும் நெடுந்தூர மிதிவண்டிப் பயணம் பிரான்சு நாட்டில் தோன்றியது. 1904 இல் அங்கு எழுந்த ‘ஆடாக்ஸ்’ முறையில், அனைவரும் ஒரு தலைவரின் பின்னே ஒரே வேகத்தில் கூட்டமாகச் செல்வர். 1921 முதல், அவரவர் வேகத்தில் செல்லும் முறையும் ஏற்பட்டது. நம் நாட்டில் ‘ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ்’ என்னும் அமைப்பு இந்த இரண்டாம் முறையில் நடத்தி வருகிறது. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் கெடு. 300 க்கு 20 மணி. 400 க்கு 27 மணி. 600 க்கு 40 மணி. இது பந்தயம் அன்று. முதலில் வந்தவருக்குப் பரிசு இல்லை. கெடுவுக்குள் வந்தோர் அனைவரும் தேறியவரே.

இந்த உண்மையை நாங்கள் ஏட்டில் படித்திருந்தோம், நெஞ்சில் பதித்துக்கொள்ளவில்லை. சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு விடியலில் ஆரியங்கோட்டிலிருந்து ஒன்பது பேர் புறப்பட்டோம். வெள்ளறடை வழியே எல்லை கடந்து, கன்னியாகுமரி சென்று திரும்புதல் எங்கள் பயிற்சி. 1956 நவம்பர் 1 இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லை இரண்டாயினும் இரப்பர்த் தோட்டங்களினூடே ஏறி இறங்கும் சாலை ஒன்றே.

எங்களுள் மூத்தவர், ஐம்பது கடந்த அண்ணாச்சி ஒருவர். திரும்பும் வழியில், தக்கலைக்கு அருகே அவர் பின்தங்கினார். “தம்பி, நீங்க போங்க. நான் பையப் பைய வாறேன்” என்றார். நாங்களும் போனோம்! மாலையில் எட்டுப் பேர் பெருமையுடன் காலனிக்குள் நுழைந்தோம். அண்ணாச்சியின் இல்லத்தரசியார் வாசலில் நின்று, “அவியள எங்க?” என்று வினவினார். எட்டுப் பேரிடமும் விடை இல்லை. அலைபேசியும் அணைந்திருந்தது. இரவு ஒன்பது மணிக்குச் சரக்கு வண்டி ஒன்றில் தம் மிதிவண்டியுடன் அவர் வந்து இறங்கினார். கால் நரம்பு இழுத்து, தேநீர்க்கடைப் பலகையில் மூன்று மணி நேரம் கிடந்தாராம். எங்களை அவர் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எங்களை மிகவும் சுட்டது.

மறுநாள் கூடினோம். பின்வருபவரின் வேகமே குழுவின் வேகம் என்று முடிவு செய்தோம். “அப்படியானால் கெடு தப்பிப்போகுமே” என்று இளைஞர் ஒருவர் முணுமுணுத்தார். கணக்குப் போட்டுக் காட்டினோம். 13 மணி 30 நிமிடம் என்பது 810 நிமிடம். மணிக்கு 20 கிலோமீட்டர் வீதம் மிதித்தால் 200 கிலோமீட்டருக்கு ஓடும் நேரம் 600 நிமிடம்; நிற்கும் நேரத்திற்கு 210 நிமிடம் மிச்சம். ஒன்பது பேரும் தனித்தனியே ஐந்து நிமிடம் நின்றால், குழு காத்திருப்பது 45 நிமிடம். சேர்ந்து நின்றால் ஐந்தே நிமிடம். புகைவண்டியைப் போலவே, தாமதம் பெரும்பாலும் ஓட்டத்தில் இல்லை, நிறுத்தத்தில்தான் உள்ளது.

அதன்பின் மணிக்கொரு முறை சேர்ந்து நின்றோம். தாகம் எடுக்கும் முன்னரே நீர் அருந்தினோம். உப்பிட்ட மோரும் வாழைப்பழமும் பழகிக்கொண்டோம். பள்ளம் கண்டவர் கை காட்டிக் குரல் கொடுப்பார். முன்னவரின் பின்சக்கரத்தோடு தம் முன்சக்கரத்தை எவரும் இணையாக ஓட்டலாகாது. சற்று உரசினாலும் விழுவது பின்னவரே.

நிற்க. ஆனி மாதத்தில் ஒரு நாள், ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து மேற்கு நோக்கித் திரும்பினோம். எதிர்க்காற்று எத்தகையது என்பதற்கு அங்குள்ள காற்றாலைகளே சான்று. முணுமுணுத்த அதே இளைஞர் தனித்து முன்னே பாய்ந்தார். தோவாளைக்குள் களைத்து நின்றுவிட்டார். அண்ணாச்சி அவரிடம், “என் சக்கரத்தப் பிடிச்சுக்கிட்டு வாரும்” என்றார். முன்செல்பவர் காற்றைப் பிளப்பதால், ஒட்டி வருபவருக்கு உழைப்பு நான்கில் ஒரு பங்கு வரை குறையும். நாகர்கோவில் வரை அண்ணாச்சியின் முதுகே அவருக்குச் சுவர் ஆயிற்று. பின்தங்குபவர் என்று எவருக்கும் நிலையான பெயர் இல்லை என்பதை அன்று கண்டோம்.

மார்கழியில் 200 கிலோமீட்டர் பிரெவேயில் கலந்துகொண்டோம். தனியே சென்றிருந்தால் எங்களுள் இருவர் பத்து மணி நேரத்தில் முடித்திருப்பர். ஒன்பது பேரும் சேர்ந்து 13 மணி 8 நிமிடத்தில் முடித்தோம். அண்ணாச்சியின் அட்டையில் முத்திரை விழுந்தபோது, முதலில் கை தட்டியவர் அந்த இளைஞரே.

இவ்வாண்டு 300 கிலோமீட்டருக்கு ஆயத்தமாகின்றோம். இருட்டிலும் ஓட வேண்டியிருக்கும். ஆதலின் முன்விளக்கு, பின்விளக்கு, தலைக்கவசம், ஒளிரும் மேற்சட்டை ஆகியவை இல்லாதவரைச் சேர்ப்பதில்லை. விலையுயர்ந்த வண்டி வேண்டியதில்லை, பெண்மக்களும் வரலாம். ஞாயிறுதோறும் விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்படுகின்றோம்.

தாய்மார்களுக்கு ஓர் உறுதி கூறி அமைகின்றோம். மாலையில் நீங்கள் வாசலில் நின்று “எங்கே அவர்?” என்று கேட்டால், இனி எங்களிடம் விடை இருக்கும், “இதோ, எங்களுடன்” என்போம்.