உரைகல் பொய் சொல்லவில்லை
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடுதலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழங்காசு சேர்ப்பது பற்றிச் சுவையாகப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நாற்பது வருஷமாகச் சேர்க்கிறவன் நான், சுவைக்குப் பஞ்சமில்லை. ஆனால் போன மாதம் நம் கல்லூரி மாணவர் ஒருவர் செல்போனில் ஒரு பொற்காசுப் படத்தைக் காட்டி, "சார், இதை வாங்கலாமா?" என்று கேட்டார். அதனால் மற்றதை விட்டுவிட்டு, நான் ஏமாந்த கதையையே சொல்லிவிடுகிறேன்.

1987-இல் எனக்குக் கரூரில் வேலை. அமராவதி ஆற்று மணலில் பழங்காசு கிடைப்பது ஊரறிந்த சங்கதி. சேரர் காசும் ரோமானியக் காசும் அங்கே நிறையக் கிடைத்திருக்கின்றன. ஒரு நாள் சாயங்காலம் ஓர் ஆள் வீட்டுக்கு வந்து காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு தங்கக் காசு. முன்புறம் டைபீரியஸ் சக்கரவர்த்தியின் தலை. பின்புறம் நாற்காலியில் அமர்ந்த பெண். சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே ஓர் உளி வெட்டு.

அந்த வெட்டைப் பார்த்ததும் நான் விழுந்தேன். காரணம் உண்டு. 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சிப் பக்கம் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் அரசன் தலைமேல் இப்படித்தான் வெட்டியிருந்தது. இனி இது நாணயமாகச் செல்லாது, வெறும் பொன்தான் என்று காட்ட வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து. இதையெல்லாம் படித்து வைத்திருந்த எனக்கு, வெட்டு விழுந்த காசே கைக்கு வந்ததும் தலைகால் புரியவில்லை. அரைகுறைப் படிப்பு செய்கிற வேலை அது.

என்றாலும் நான் முட்டாள் இல்லை என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள வேண்டுமே! கடைவீதியில் தெரிந்த ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் விளிம்பில் லேசாக உரசி, கல்லில் திராவகம் விட்டுப் பார்த்து, "சுத்தமான இருபத்திரண்டு காரட், சார். தைரியமா வாங்குங்க" என்றார். தங்க விலையைப் போல ஐந்து மடங்கு பேசி முடித்தேன். கையில் அவ்வளவு பணமில்லை. என் மனைவி ஒரு வார்த்தை கேட்காமல் கையிலிருந்த இரண்டு வளையலைக் கழற்றித் தந்தாள். அவள் அம்மா வீட்டில் போட்ட வளையல்.

இரண்டு வருஷம் அந்தக் காசு பீரோவில் இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்தேன். 1989-இல் ஒரு சான்றிதழ் வாங்க நம் கல்லூரிக்கு வந்தபோது, பழைய ஞாபகத்தில் பிசிக்ஸ் லேபுக்குள் நுழைந்தேன். அட்டெண்டர் அண்ணன் ஓய்வு பெறும் வயதில் இருந்தார். பையில் காசு இருந்தது. "நிறுத்துப் பார்ப்போமா, தம்பி?" என்று அவர்தான் விளையாட்டாகக் கேட்டார்.

காற்றில் 7.04 கிராம். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டோம். காசில் ஒட்டிய காற்றுக் குமிழிகளைத் தட்டிவிட்டு மறுபடி நிறுத்தால், 0.40 கிராம் எடை குறைந்தது. வகுத்துப் பாருங்கள்: 17.6. முதலாமாண்டில் நாம் எல்லோரும் செய்த ஆர்க்கிமிடீஸ் பரிசோதனை இது. நான் இருபதுக்குப் பதினெட்டு வாங்கியவன்!

தங்கத்தின் அடர்த்தி 19.3. முதல் நூற்றாண்டு ரோமானியப் பொற்காசு ஏறக்குறைய கலப்பில்லாத தங்கம். நம் வழக்கில் சொன்னால் பத்தரை மாத்து. அதன் அடர்த்தி 19-க்கு மேல் இருக்க வேண்டும். 17.6 என்றால் அது நகைக்கடைத் தங்கம். ஆசாரி பொய் சொல்லவில்லை. "இருபத்திரண்டு காரட்" என்று உள்ளதைத்தான் சொன்னார். இது போலி என்பதற்கான சாட்சியே அதுதான். எனக்கு அது நற்சான்றாகக் காதில் விழுந்தது. நான் கேட்டது "தங்கமா?" என்று. கேட்டிருக்க வேண்டியது "டைபீரியஸ் அடித்த காசா?" என்று. இரண்டுக்கும் நடுவில்தான் என் மனைவியின் வளையல் போனது.

எடையையாவது பார்த்திருக்கலாம். அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமானிய ராத்தல் தங்கத்துக்கு 40 காசு. அதாவது காசு ஏறக்குறைய எட்டு கிராம், நம் ஒரு பவுன் கணக்கு. டைபீரியஸ் காசு அதற்குக் கொஞ்சம்தான் குறையும். கி.பி. 64 வாக்கில் நீரோ அதை ராத்தலுக்கு 45 ஆக்கிய பிறகுதான் ஏழே கால் கிராம் அளவுக்கு இறங்கியது. டைபீரியஸ் இறந்தது கி.பி. 37-இல். அவர் தலை போட்ட காசு ஏழு கிராம் இருந்தால் தேய்ந்து போயிருக்க வேண்டும். கிட்டத்தட்ட முக்கால் கிராம் தேய்ந்த காசில் மூக்கும் காதும் அப்படியேவா இருக்கும்? என் காசில் இருந்தன.

என்ன நடந்திருக்கும் என்பது பிறகு பூதக்கண்ணாடியில் தெரிந்தது. யாரோ ஓர் அசல் காசிலிருந்து அச்செடுத்து, இருபத்திரண்டு காரட் தங்கத்தை வார்த்திருக்கிறார்கள். உருவம் வந்துவிட்டது, எடை வரவில்லை. முத்திரை அச்சை வைத்துச் சம்மட்டியால் அடித்த காசில், எழுத்தின் ஓரங்களிலிருந்து விளிம்பை நோக்கி உலோகம் இழுபட்ட கோடுகள் தெரியும். வார்த்த காசில் எழுத்து, கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருக்கும். ஊசி முனை அளவு குழிகள் இருக்கும். விளிம்பில் அரம் தேய்த்த தடம் இருக்கும். அந்த உளி வெட்டைப் பாருங்கள். நிஜமாக உளி வைத்து வெட்டினால் இரண்டு கரையிலும் உலோகம் பிதுங்கி எழும்பி நிற்கும். என் காசில் வெட்டின் கரைகள் வழவழவென்று இருந்தன. வெட்டையும் சேர்த்தே வார்த்திருந்தார்கள். எது என்னை மயக்கியதோ, அதுவே காட்டிக்கொடுத்தது.

அதற்காக அடர்த்தி சரியாக வந்தால் காசு அசல் என்று நினைத்துவிடாதீர்கள், தம்பி. அந்தச் சோதனை "இல்லை" என்று சொல்லும். "ஆம்" என்று சொல்லாது. இப்போது நகைக்கடைகளில் இருக்கும் எக்ஸ்-ரே காரட் மீட்டரும் மேற்பரப்பில் என்ன உலோகம் என்று மட்டுமே சொல்லும். ஜெர்மனியில் பெக்கர் என்று ஒருவர் இருந்தார் (1772–1830). அவர் வார்க்கவில்லை, எஃகில் தானே முத்திரை அச்சு வெட்டி, நல்ல தங்கத்திலேயே பழங்காசு அடித்தார். புதுப் பளபளப்பு போக, இரும்புத்தூளும் எண்ணெயும் போட்ட பெட்டியில் காசுகளை வைத்து, குதிரை வண்டியில் கட்டிக் குலுங்கவிட்டு ஊர் சுற்றுவாராம். அவரைப் பற்றி நூல் எழுதியவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜி.எஃப். ஹில். நம் புதுக்கோட்டைக் காசுகளை ஆராய்ந்து எழுதியவரும் இதே ஹில்தான். ஆயிரக்கணக்கில் அசலைப் பார்த்த கண்ணுக்குத்தான் பெக்கர் பிடிபடுவார். ஆகவே முதலில் எழும்பூர் அருங்காட்சியகம் மாதிரி இடங்களுக்குப் போய் அசலைப் பாருங்கள். வாங்க நினைக்கும் காசை, அச்சில் வந்த அசல் காசுகளின் படங்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரே இடத்தில் ஒரே கீறலோடு இரண்டு காசு கண்ணில் பட்டால் இரண்டையும் சந்தேகப்படுங்கள். தேய்மானமும் கீறலும் ஆளுக்கு ஆள் கைரேகை மாதிரி வேறுபட வேண்டும். உரைகல்லில் மட்டும் தேய்க்காதீர்கள். அசலாக இருந்தால் அதைக் கெடுத்தவர் நீங்களாவீர்கள்.

இன்னொன்று, எனக்குச் சொல்லக் கூச்சமானது. "ஆத்துல கிடைச்சது சார்" என்று அந்த ஆள் சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூறு வயது தாண்டிய காசு தொல்பொருள்; அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். அப்படியானால் அந்த ஆள் சொன்னது பொய்யென்றால் காசு போலி. மெய்யென்றால் அது என் வீட்டு பீரோவுக்கு வரவேண்டிய பொருளே இல்லை. இரண்டில் எதுவானாலும் நான் வாசலிலேயே கும்பிடு போட்டு அனுப்பியிருக்க வேண்டும். காசு அசலாக இருந்தாலும் அது வந்த வழி கோணலாக இருந்தால் கதை முடிந்தது. சீசரைக் கொன்ற புரூட்டஸ் அடித்த பொற்காசு ஒன்று 2020-இல் லண்டன் ஏலத்தில் 40 லட்சம் டாலருக்கு மேல் போனது. முன்பு யாரிடம் இருந்தது என்று காட்டிய விவரம் பொய் என்று தெரிந்து, 2023-இல் அதைக் கிரேக்க நாட்டிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

அன்று லேபிலிருந்து வீட்டுக்குப் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஏங்க, தங்கம் தங்கந்தானே? உருக்கி ஒரு வளையலாவது பண்ணிக் குடுங்க" என்றாள். ஏழு கிராமில் ஒரு வளையல்தான் வரும், அதுவும் கம்பி மாதிரி. நான் உருக்கவில்லை. 1996-இல்தான் அவளுக்கு இரண்டு வளையல் வாங்கிக் கொடுக்க முடிந்தது. பழைய வளையலின் வேலைப்பாடு இதில் இல்லை என்று இன்றைக்கும் சொல்வாள்.

காசைக் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு பிசிக்ஸ் லேபில் தராசும் பீக்கரும் தயாராக இருக்கும். படம் காட்டிய தம்பி முதலில் வரட்டும்.